கழற்றிப் பார்க்காத மஃப்ளர்

உன் பச்சை மஃப்ளர் என் மடியில் கிடக்கிறது. பாச்சை உருண்டை வாசனை அடிக்கிறது. இன்று காலை சிறுவாச்சூரில் உன் அம்மா பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்கள். கடைசிப் பயணத்தில் உன் கழுத்தில் இருந்தது இதுதான்.

விமானத்தில் மஃப்ளர் பார்க்கிற வேலை என்று நீ வீட்டில் சொன்னது நினைவிருக்கிறதா? "அத்தன பேரு கழுத்துலயுமா சுத்தி வுடுறீங்க?" என்று உன் அம்மா கேட்டுவிட்டு, பெரம்பலூரில் உனக்கும் ஒன்று வாங்கி வந்தார்கள். அது இன்ஜின் புகை போகிற சைலன்சர் என்று நீ கடைசிவரை விளக்கவே இல்லை. விமானப் பயிற்சிப் பள்ளியின் ஷெட்டில் ஒரு வாரம் அதையே சொல்லிச் சிரித்தோம்.

ஆனால் அந்த இன்ஜின் மஃப்ளர் விஷயத்தில் நீ சிரிக்கமாட்டாய். அதைச் சுற்றி ஒரு தகர உறை இருக்கும். இரண்டுக்கும் நடுவில் போகும் காற்று சூடாகி, ஹீட்டரைத் திறந்தால் உள்ளே ஆள் உட்காரும் இடத்துக்கு வரும். மஃப்ளரில் விரிசல் விட்டால் விஷப்புகையும் கூடவே வரும். அதனால் உறையைக் கழற்ற வேண்டும், சாம்பல் நிறத்தில் கோடு தெரிகிறதா என்று தேட வேண்டும், குழாயில் காற்றடித்து சோப்புத் தண்ணீர் தடவி நுரைக்கிறதா என்று பார்க்க வேண்டும். பென்சிலால் குறி போட்டால் சூட்டில் அந்த இடத்திலேயே விரிசல் விடும் என்பாய். "மொதல்ல காதுலேர்ந்து அந்தப் பென்சில எடுடா" என்று எத்தனை முறை திட்டியிருப்பாய்!

கடைசியாகச் சோதனை செய்தபோது மஃப்ளர் என் பொறுப்பு. நான் உறையைக் கழற்றவில்லை. வெளியே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். "கழட்டிப் பாத்தியாடா?" என்றாய். "பாத்துட்டேன் மாப்ள" என்றேன். நம்மூர் வெயிலில் எவன் ஹீட்டர் போடப்போகிறான் என்பதுதான் என் கணக்கு. அதுவரை அந்த விமானத்தில் யாரும் ஹீட்டரைத் தொட்டதே இல்லை.

மறுவாரம் அதை வடக்கே ஓட்டிப்போகச் சொன்னார்கள், மெக்கானிக்காக நீயும் உடன் போவதென்று முடிவானது. வடக்கே குளிருக்கு ஹீட்டர் போடுவார்கள் என்று எனக்கு அப்போதே தெரியும். சொன்னால் பொய் சொன்னது தெரிந்துவிடும். வெட்கப்பட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். "குளுருக்கு எங்கம்மா குடுத்த மஃப்ளர் இருக்குடா" என்று கையாட்டிவிட்டு ஏறினாய்.

மேலே குளிர் தாங்காமல் விமானி ஹீட்டரைத் திறந்திருக்கிறார். தலை வலிக்கவும் பக்கத்துச் சன்னலைத் திறந்து, எப்படியோ தரையிறக்கி, அவர் பிழைத்துக்கொண்டார். பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த நீ எழவில்லை. அப்புறம் உறையைக் கழற்றினார்கள். விரல் நீளத்துக்கு விரிசல், அதைச் சுற்றிச் சாம்பல் கோடு. ஒரு நாளில் வந்ததில்லை அது.

விசாரணையில் ஒப்புக்கொண்டேன், வேலை போனது. உன் அம்மாவிடம் மட்டும் சொல்ல வாய் வரவில்லை. ஒவ்வொரு மார்கழியும் போய்ச் சோறு தின்றுவிட்டு வந்தேன். இன்று, "அவந்தான் இல்ல, நீயாச்சும் போட்டுக்க சாமி" என்று இதை என் கழுத்தில் சுற்றினார்கள். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"அம்மா, அவன் போன ப்ளேன்ல அந்தப் புகைக் கொழாய கழட்டிப் பாக்காம கையெழுத்துப் போட்டது நாந்தாம்மா."

சுற்றிக்கொண்டிருந்த அவர்கள் கை அப்படியே நின்றது. திட்டுவார்கள், அறைவார்கள் என்றிருந்தேன்.

"கழட்டிப் பாக்க எவ்வளவு நேரம்யா ஆவும்?"

"அரை மணி நேரம்மா."

"அரை மணி நேரம்" என்றார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மஃப்ளரைத் திருப்பிக் கேட்கவில்லை. இனி அந்த வீட்டுக்கு நான் போக முடியாது.

பெரம்பலூர் ஸ்டாண்டில் அரியலூர் பஸ்ஸுக்கு நின்றேன். ஒரு டீ குடித்தேன். பக்கத்தில் இருந்தவர் கீழப்பழுவூர் பஸ்ஸா என்று கேட்டார், பதில் சொன்னேன். பஸ் வந்தபோது மணி பார்த்தேன், சரியாக அரை மணி நேரம் ஆகியிருந்தது. அவ்வளவுதான்டா அது.