ஜரிகையில் எழுதிய மந்திரி

ஏகாம்பரம் மாப்பிள்ளை, என் உயிருக்கு உயிரானவனே,

நீ போன இடத்தில் செய்தித்தாள் வருகிறதோ இல்லையோ தெரியாது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். புது மந்திரிசபை பதவியேற்றுவிட்டது. முதலமைச்சரோடு சேர்த்து முப்பத்தைந்து பேருக்கு மேல் கூடாது என்று சட்டம் இருக்கிறதல்லவா, அதை எனக்குச் சொன்னதே நீதான். தெருவில் எல்லோரும் அது நான் சொன்ன விஷயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் மறுக்கவில்லை.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனாலும் கோட்டை விவகாரம் என்றால் பிள்ளையார்பாளையத்தில் என்னைக் கேட்காமல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தலைமைச் செயலகத்தில் லிப்ட் ஓட்டுகிறவர் முதற்கொண்டு எனக்குப் பழக்கம். "ஒரு தபா ஏறி எறங்கனதுக்குப் பேரு பழக்கமா மச்சான்?" என்று நீ இப்போதும் கேட்பாய். கேள். பதில் சொல்ல எனக்கு நேரம் இருக்கிறது.

இதை நம் தெரு நெசவாளர் சங்கத்து மலரில் போடப்போகிறார்கள். அதனால் படிக்கிறவர்களுக்காக நம் பந்தயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, விரலில் மை காய்வதற்குள், ஆளுக்கொரு பழைய ஜக்கார்டு அட்டையை எடுப்போம். தறியில் டிசைன் விழுவதற்காக ஓட்டை போட்ட அட்டை. அதன் பின்பக்கம் யார் யார் மந்திரி என்று பென்சிலில் எழுதி, நூலால் தறிக்கட்டையில் கட்டித் தொங்கவிடுவோம். பட்டியல் வந்ததும் அவிழ்ப்போம். மற்ற துறையெல்லாம் தப்பினாலும் பரவாயில்லை. கைத்தறித் துறை யாருக்கு என்று சரியாகச் சொன்னவன் ஜெயித்தான். தோற்றவன் தெருமுனை டீக்கடை முன்னால் நின்று, மந்திரிகள் எடுக்கிற மாதிரியே பிரமாணம் எடுத்து, ஜெயித்தவனின் அறிவை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தப் பிரமாணத்தை நான் ஒரு முறைகூட எடுத்ததில்லை. நீ எத்தனை முறை எடுத்தாய் மாப்பிள்ளை? கடைசியில் உனக்குத் தண்ணிபட்ட பாடாகிவிட்டது. டீ மாஸ்டரே முதல் வரி எடுத்துக் கொடுப்பார்.

இந்த முறை என் கணக்கு ரொம்பத் தெளிவு. எந்த மாவட்டத்துக்கு எத்தனை, எந்த ஜாதிக்கு எத்தனை, பழைய ஆள் எத்தனை, புது முகம் எத்தனை, பெண்கள் எத்தனை என்று பாவுக்கு இழை பிரிக்கிற மாதிரி பிரித்துப் பார்த்தேன். கைத்தறி, பக்கத்து மாவட்டத்து மூத்தவருக்குத்தான் என்று வந்தது. நாலு முறை ஜெயித்தவர், நெசவாளர் வீட்டில் பெண் எடுத்தவர், வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? அட்டையில் எழுதியதோடு என் கை நிற்கவில்லை. அவருக்குப் போர்த்துவதற்கு ஒரு பட்டு அங்கவஸ்திரமே தறியில் ஏற்றினேன். ஒரு பக்க பார்டரில் அவர் பெயர். மறுபக்கத்தில் 'மாண்புமிகு கைத்தறித் துறை அமைச்சர்'. எழுத்தெல்லாம் ஜரிகையில்.

நீ தறியோரம் வந்து நின்று பார்த்தாய். "இன்னா மச்சான், ஓட்டே இன்னும் எண்ணல. அதுக்குள்ள மந்திரியாக்கிக்கினு கீற?"

"முதலமைச்சருக்கே என் கிட்டருந்துதான் லிஸ்ட்டு போவுது. நீ போய் ஊடை நூலு சுத்து."

"பட்டியல் வரட்டும், அப்பறம் எழுத்து போடு. ஜரிகைய அவுக்க முடியாது மச்சான்."

அதுதான் நீ எனக்குச் சொன்ன கடைசி புத்திமதி. நாலாம் நாள் காலையில் காபி டம்ளரைக் கையில் பிடித்தபடியே போய்விட்டாய். உன் அட்டை என் அட்டைக்குப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. உன் மனைவி சரோஜா அதைத் தொடக்கூட விடவில்லை. எனக்குத் தங்கச்சி என்று பெயர், அந்த அட்டை விஷயத்தில் மாமியார்.

பதவியேற்புக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆளுநர் மாளிகையிலிருந்து பட்டியல் வந்தது. உன் மகள் தேன்மொழி போனில் படித்தாள். நான் நாற்காலியில், சரோஜா தரையில்.

"முதலமைச்சர், போலீஸ் அவரே வெச்சிக்கினாரு மாமா."

"அது பாப்பாவுக்கும் தெரியும். கீழ போ."

"எட்டாவது... மாமா, உன் ஆளு வந்துட்டாரு!"

நான் எழுந்தே நின்றுவிட்டேன். வேட்டியைக்கூட இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

"கால்நடை பராமரிப்பு," என்றாள்.

"நல்லாப் பாரும்மா. போன் பழசு."

"போன் புதுசு மாமா. ஆடு, மாடு, கோழி. கைத்தறி கடைசிக்கு மேல இருக்குது. மொத தபா ஜெயிச்சாங்களே, அந்த டீச்சரம்மா."

சரோஜா என்னைப் பார்த்தாள். "ண்ணா, அட்டைய அவுக்கலாமா?"

"இருமா, மொதல்ல தண்ணி குட்ச்சிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போனேன்.

மாப்பிள்ளை, இதுவரை யாரிடமும் சொல்லாததை இங்கே சொல்கிறேன். தண்ணீர் தறியில் இல்லை. தறிக்கட்டையின் இடுக்கில் ஒரு ரப்பர் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பட்டியல் வந்ததும் முதலில் என் அட்டையை அவிழ்த்து, பென்சிலை அழித்து, சரியான பெயரை எழுதிக் கட்டிவிட்டுத்தான் உன்னைக் கூப்பிடுவேன். ஒரு முறை தப்பித்தவறி நானே சரியாகச் சொல்லியிருந்தேன். அன்றைக்கும் பழக்கதோஷத்தில் அழித்துவிட்டு அதே பெயரைத் திரும்ப எழுதினேன்.

இந்த முறையும் அழிக்கத் தொடங்கினேன். நிமிர்ந்தால் எதிரே, தறியில், என் முகத்துக்கு நேராக ஜரிகை மின்னிக்கொண்டிருந்தது. மூத்தவர் பெயரும் துறையும் ஒரு இழை பிசகாமல். அதைத் தெருவே வந்து பார்த்து, போட்டோ எடுத்து, பாராட்டிவிட்டுப் போயிருந்தது. எதை எந்த ரப்பரால் அழிப்பது?

அப்போது சரோஜா உள்ளே வந்துவிட்டாள். ரப்பரைப் பார்த்தாள். திட்டவில்லை. "ஒரு தபாகூட ஜெயிக்கலையேன்னு சொல்லிக்கினே போயிட்டாருண்ணா," என்றாள். அவ்வளவுதான். அவள் நாலு அறை அறைந்திருக்கலாம்.

உன் அட்டையை அவளே அவிழ்த்தாள். பாதி மந்திரிகள் தப்பு, பொதுப்பணித் துறையைப் போய் ஒரு தோற்றவருக்குக் கொடுத்திருந்தாய், அதைச் சொல்லாமல் விட மாட்டேன். ஆனால் நடுவில் தெளிவாக, 'கைத்தறி – டீச்சரம்மா'. அதற்குக் கீழே உன் கோணல் எழுத்தில் இன்னொரு வரி: 'மச்சான் இந்த வாட்டி ஜரிகைல எழுதறாரு. ரப்பர் வேலைக்காவாது.'

முதலில் மை காய்வதற்குள் எழுதின அட்டையில் இந்த வரி எப்படி வந்தது? நான் தறி ஏற்றிய பிறகு நீயும் உன் அட்டையை அவிழ்த்திருக்கிறாய்! அந்த வரியைச் சேர்ப்பதற்காக மட்டும். அப்படியானால் உனக்கு எத்தனை வருஷமாகத் தெரியும்? தெரிந்தேவா ஒவ்வொரு முறையும் டீக்கடையில் போய் நின்றாய்? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

சரோஜா சிரித்தாள். நீ போனதற்குப் பிறகு முதல் சிரிப்பு. தேன்மொழி ஓடிவந்து படித்துவிட்டு, "மாமா, கெளம்பு" என்றாள்.

மறுநாள் காலை, அங்கே மந்திரிகள் மேடை ஏறிய அதே நேரத்தில், நான் டீக்கடை முன்னால் நின்றேன். தறியிலிருந்து அறுத்த அங்கவஸ்திரம் தோளில். ஆயிரம் பேர் இருந்தார்கள் மாப்பிள்ளை. சரி, முப்பது பேர். "ஏகாம்பரம்தான் அறிவாளி, இந்த முறை அவனே ஜெயித்தான், இதுவரை நான் ஜெயித்தது ரப்பரால்தான்" என்று உரக்கச் சொன்னேன். குரல் நடுவில் கொஞ்சம் தடுக்கியது. டீ சூடாக இருந்ததால்.

"யோவ், மந்திரின்னா ரெண்டு பிரமாணம்யா," என்றார் டீ மாஸ்டர். "ரகசியக் காப்புப் பிரமாணமும் எடு."

"அத மட்டும் என்னால காப்பாத்த முடியாதுபா," என்றேன். தெருவே கைதட்டியது. உனக்குக்கூட அவ்வளவு தட்டியதில்லை.

அங்கவஸ்திரத்தை என்ன செய்வது என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கால்நடை மந்திரிக்கு அதைப் போர்த்த முடியுமா? டீச்சரம்மாவுக்கு அடுத்தவர் பெயரைக் கொடுக்கலாமா? சரோஜா யாரையும் கேட்கவில்லை. பெயர் இருந்த பக்கத்தை உள்ளே மடித்தாள். துறை இருந்த பக்கம் வெளியே தெரியும்படி உன் படத்துக்குப் போர்த்திவிட்டாள். நம் வீட்டில் இப்போது நீதான் மாண்புமிகு கைத்தறித் துறை அமைச்சர். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். எப்போதும் கழற்றுவார்கள்தான், இருந்தாலும்.

அடுத்த தேர்தலுக்கு உன் அட்டையைச் சரோஜா எழுதுவாளாம். பெண்களுக்கு இன்னும் ரெண்டு இடம் கூட வேண்டும் என்று இப்போதே சண்டை. நானும் விடப்போவதில்லை. ஆனால் பென்சில் கிடையாது. பேனாவில் எழுதுவேன், அவள் கண்முன்னால் கட்டுவேன், அவள் கையால் அவிழ்க்கவைப்பேன், தோற்றால் நானே டீக்கடைக்கு நடப்பேன் என்று, ரப்பரை உன் படத்தின் முன் வைத்துவிட்டு, உளமார உறுதி கூறுகிறேன்.

இப்படிக்கு,
உன் மச்சான், சரோஜாவின் அண்ணன்,
வேதாசலம் எனும் நான்.