வேனில் மட்டும் பேசுகிறார்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் சௌக்கியம். அப்பாவும் சௌக்கியம் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் எனக்கு எதுவுமே பிடிபடவில்லையடி.

முதியவர்களையும் நடக்க முடியாதவர்களையும் ஏற்றிப் போகும் வேன் வாசலுக்கே வந்து, அப்பாவைச் சக்கர நாற்காலியோடு பயிற்சி சிகிச்சைக்குக் கூட்டிப் போகிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா? அந்த வேன் அலுவலகப் பெண் போன் செய்தாள். சிகிச்சைதான் போன மாதமே முடிந்துவிட்டதே, வேனில் அவர் இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் இஸ்திரி போட்ட சட்டைதான் வேண்டும் என்று கையைக் காட்டிப் போட்டுக்கொண்டு இந்த மனிதர் எங்கேதான் போய் வந்தார்?

டிரைவரைப் பிடித்துக் கேட்டேன். ஐயா எங்கேயும் இறங்குவதே இல்லையாம். எல்லோரையும் ஏற்றி இறக்கி முடிக்கும்வரை கூடவே சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறாராம். போதாக்குறைக்கு, வழியெல்லாம் பேச்சாம். பக்கவாதம் வந்ததிலிருந்து எனக்குக் கிடைப்பது வெறும் தலையாட்டல்தான். பேச்சு வரும், பொறுமையாக இருங்கள் என்று டாக்டர் சொன்னார். என்னைவிடவா பொறுமை? பாவம், சிரமப்படக் கூடாதே என்று அவர் வாயைத் திறக்கும் முன்பே பசி, தண்ணீர், போர்வை எல்லாவற்றையும் நானே சொல்லிவிடுகிறேன்.

நேற்று துணைக்கு என்று நானும் ஏறிக்கொண்டேன். கண் தெரியாத ஒரு டீச்சர், கை நடுங்கும் ஒரு தையல்காரர், இன்னும் சிலர் இருந்தார்கள். இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள் என்று தையல்காரர் அப்பாவைக் கேட்டார். அப்பா ஏதோ சொல்ல ஆரம்பித்தார். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்று நான் சொன்னேன். டீச்சர் கேட்டதற்கும் நான்தான் பதில் சொன்னேன். பிறகு வேனில் யாருமே வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஆளை ஏற்ற வண்டி நின்றபோது அப்பா என்னைப் பார்த்தார். உதடு வெகுநேரம் துடித்தது.

“நீ... எறங்கு.”

இத்தனை மாதம் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தேன். சந்தோஷப்படுவதா, அழுவதா, நீயே சொல். அவமானமாக இருக்கிறது, கோபம் கோபமாக வருகிறது. ஆனால் அவர் குரல் அப்படியே இருக்கிறதடி, மாறவே இல்லை.

இடத்தை விட முடியாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். அப்படியென்றால் சிகிச்சைக்குப் போக வேண்டிய ஒருவர் காத்திருக்க வேண்டியதுதான் என்றாள் அந்தப் பெண். அதுவும் மனதை உறுத்துகிறது. செய்தது சரியா தப்பா, தெரியவில்லை.

நீ நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அப்பாவிடம் கொடுக்கச் சொல். அவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் காத்திரு. என்னை அறையை விட்டுப் போகச் சொல். கண்டித்தே சொல், கண்ணு. நானாகப் போக மாட்டேன்.

உன் அம்மா