ஓங்கிய குச்சி

அண்ணே,

செமோர் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் மரங்களைச் சாய்த்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்ட வருஷம். ஈப்போ நகரைச் சுற்றி ஈயச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிய வருஷமும் அதுதான். அப்போதுதான் நம் மூவரின் ஜாஸ் இசைத்தட்டு வந்தது. உங்கள் டிரம்பெட், ஆ செங்கின் ஆளுயரத் தந்தி வாத்தியமான பாஸ், என் டிரம்ஸ். இன்று காலை மகள் செல்வி அதை எங்கிருந்தோ வாங்கிவந்து சுழலவிட்டாள். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

சீனர்களின் சாவு ஊர்வலங்களில் வாசித்துப் பிழைத்தவர்கள் நாம். ஒத்திகையில் ஊர்வலப் பாட்டின் கடைசி வரியை மட்டும் நீங்கள் ஊதவே மாட்டீர்கள். "அது குழிக்கிட்ட ஊதறதுடா. இங்க ஊதினா நம்மள்ல ஒருத்தனத் தேடிச் சாவு வரும்" என்பீர்கள்.

அதே நீங்கள், ஒலிப்பதிவு அறையில், ராகமும் தாளமும் கலைந்து ஓடிக்கொண்டிருந்தபோது அந்த வரியை எடுத்தீர்கள். ஆ செங் பின்னாலேயே வந்தார். முடிக்கும் அடி என்னுடையது. குச்சியை ஓங்கினேன். கை இறங்கவில்லை.

"ஏன்டா முனியாண்டி, அடிக்கல?"

"பயமா இருக்கு அண்ணே."

"அந்தப் பயத்தையும் சேர்த்து வாசிக்கணும்லா. அதுக்குத்தானே இந்த ஜாஸ்."

தோட்டத்துக் கடையில் வளர்ந்து நம்மைப் போலவே தமிழ் பேசும் சீனர் ஆ செங் சிரித்தார். "விடு லா. தட்டு வாங்கறவன் ஊசி ரோசாக், கெட்டுப்போச்சுனு கடையில சண்டைக்குப் போவான் பாரு."

தட்டு கடைக்கு வருமுன் ஆ செங் போய்விட்டார். அவர் குழியருகே அந்த வரியை நீங்கள்தான் ஊதினீர்கள். அடுத்து நீங்கள். உங்களுக்கு ஊத ஆள் இல்லை. அதற்குப் பிறகு அந்தத் தட்டை நான் தொடவே இல்லை.

இன்று செல்வி அதை ஓடவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். முட்டி வலியில் எழுந்து ஊசியைத் தூக்க முடியவில்லை. கடைசி வரி வந்தது, முடிந்தது. அப்புறம் இரைச்சலுக்கு அடியில் உங்கள் மூச்சு. உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. விடும் சத்தம் வரவே இல்லை, தட்டு முடிந்துவிட்டது. என் அடிக்காகக் காத்திருக்கிறீர்கள். நாற்காலிக் கையிலிருந்து என் விரல் தானாக எழுந்தது. அடிக்கவில்லை அண்ணே.

செல்வி தட்டு உறையில் இருந்த நம் மூவர் படத்தைக் காட்டினாள். "இவங்கள்லாம் இப்ப எங்கப்பா?"

உங்களைத் தொட்டேன், ஆ செங்கைத் தொட்டேன். ஓரத்தில் குச்சியோடு உட்கார்ந்திருப்பவனிடம் விரல் நின்றது. அந்த ஒரு அடி இன்னும் அவன் கையில்தான் இருக்கிறது.

"முனியாண்டி இருக்கான்" என்றேன்.