தேவையில்லை என்று சொன்னவன்

பிப்ரவரி 3

ஆம்புலன்ஸ் நிலையத்தில் இன்றும் அதே கேலி. மார்வென்னா தீவிர சிகிச்சைப் பிரிவின் ஆரஞ்சு உடையில் உள்ளே நுழைந்ததும், இப்போது என்னோடு வண்டியில் வரும் லவ்டே, "வாங்க மேடம், எங்கள மாதிரி சாதாரண ஜனங்களோட டீ குடிப்பீங்களா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மார்வென்னா பதினோரு வருடம் என்னோடு ஒரே ஆம்புலன்ஸில் அவசர மருத்துவப் பணியாளராக, பாராமெடிக்காக, ஓடியவள். தீவிர சிகிச்சை பாராமெடிக் தேர்வுக்கு இருவரும் சேர்ந்தே போனோம். அவள் தேறினாள். நான் இரண்டு முறை தோற்றேன். இப்போது அவளுக்குத் தனிக் கார், பெட்டியில் ஏற்றுவதற்கு ரத்தம், நான் கொடுக்க அனுமதியில்லாத மருந்துகள். நோயாளியின் நெஞ்சுக்குள் காற்று அடைத்துக்கொண்டால் நான் ஊசி குத்தலாம். அவளோ விலா எலும்புகளுக்கு நடுவே கத்தியால் திறந்து, விரலை விட்டு வழி செய்வாள். அவள் வந்துவிட்டால் நோயாளி அவள் பொறுப்பு. ஹெட்லியாகிய நான் அவள் பையைத் தூக்கலாம்.

பொறாமைதான். இங்கே எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது?

பிப்ரவரி 15

மழை. வழுக்கி விழுந்த கிழவர்கள் மூன்று பேர். மதியத்துக்கு வாங்கிய இறைச்சிப் பேஸ்டியை ஆறிப்போன பிறகுதான் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 26

காலையில் மேட்டுப் பண்ணை ஒன்றிலிருந்து அழைப்பு. காளை ஒன்று வில்ஃப்ரெட் கிளெமோவை இரும்புக் கேட்டோடு வைத்து நசுக்கியிருக்கிறது. அறுபத்தாறு வயது. லவ்டே வண்டியை ஓட்டினாள். வழியிலேயே கட்டுப்பாட்டு அறை சொன்னது: மார்வென்னாவின் காரும் வருகிறது, ஒன்பது நிமிடத்தில் சேர்ந்துவிடும்.

நாங்கள் போனபோது கிளெமோ கேட்டில் சாய்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். நாடித்துடிப்பு நூற்றுப்பன்னிரண்டு. மூச்சு வேகம். மார்வென்னாவை வரவிட அது போதாதா? போதும். எனக்குத் தெரியும். ஆனாலும் ரேடியோவை எடுத்து, "தீவிர சிகிச்சை தேவையில்லை, திருப்பி அனுப்பிடுங்க" என்றேன். முதலில் போய்ச் சேர்ந்தவன் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

அதற்கப்புறம், ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதுதான், அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஹெலிகாப்டர் கிலிகாப்டர்னு எதையும் வரவச்சிராதீங்கப்பா. மாடெல்லாம் மிரண்டு வேலிய ஒடச்சிரும்."

பாதி வழியில் உதடு நீலமானது. ஊசி குத்தினேன். காற்று சீறியது, ஒரு நிமிடம் தெளிந்தார், மறுபடி அடைத்துக்கொண்டது. இன்னொரு ஊசி. பயனில்லை. மார்வென்னாவை அனுப்பச் சொல்லி ரேடியோவில் கேட்டேன். அவளை வேறொரு விபத்துக்கு அனுப்பிவிட்டார்களாம், முப்பது நிமிடமாகும். லவ்டே கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மருத்துவமனைக்கு ஆறு மைல் இருக்கும்போது போய்விட்டார்.

பிப்ரவரி 27

அறிக்கையில் எழுதியது: "மாடுகள் மிரளும் என்பதால் ஹெலிகாப்டர் வேண்டாம் என்று நோயாளி கூறினார். தீவிர சிகிச்சைக் குழு திருப்பி அனுப்பப்பட்டது."

இரண்டும் நடந்ததுதான். ஹெலிகாப்டரும் மார்வென்னாவின் காரும் ஒரே பிரிவு என்பதால், அவர் தீவிர சிகிச்சையையே மறுத்ததாகத்தான் படிப்பார்கள். வரிசையை மட்டும் மாற்றிவிட்டேன்.

மார்ச் 12

உள்விசாரணை இருபது நிமிடத்தில் முடிந்தது. "நோயாளியின் விருப்பம்" என்று எழுதிக்கொண்டார்கள். ரேடியோப் பதிவை யாரும் கேட்கவில்லை. வெளியே மார்வென்னா என் தோளைத் தட்டினாள். "அவரே வேணாம்னா நீ என்னடா பண்ணுவ? மனச விட்றாத."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஏப்ரல் 8

கடையில் கிளெமோவின் மனைவி தர்சாவை லவ்டே பார்த்தாளாம். அறிக்கையின் நகல் அவருக்கும் போயிருக்கிறது. அவர் சொன்னதை லவ்டே அப்படியே என்னிடம் சொன்னாள்: "மாடு மிரளுமாம்! நாப்பது வருஷம் கூட வாழ்ந்தவளவிட மாடு பெருசாப் போச்சு அந்த மனுஷனுக்கு. பிடிவாதத்தாலேயே செத்தான். அவன் கல்லறைப் பக்கம் நான் எட்டிக்கூடப் பாக்கமாட்டேன்."

சொல்லி முடித்துவிட்டு லவ்டே நகரவில்லை. "நான் அங்கதான் இருந்தேன் ஹெட்லி. எது முன்னாடி, எது பின்னாடின்னு எனக்குத் தெரியும். இத்தன நாள் வாயத் தொறக்காதது என் தப்புதான். நீ சொல்லலன்னா, அதிகாரி முன்னாடி நடக்கப்போற மரண விசாரணையில நான் சொல்லிருவேன்."

மே 20

என்னையே கேட்டுக்கொள்கிறேன்: பேசாம இருந்தா என்ன? போன உயிர் வரப்போகுதா? வேலை போயிரும். இதத் தவிர எனக்கு என்னடா தெரியும்?

— ஆனா அந்தம்மா தர்சா செத்தவரோட சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்களே. நான் மூட்டிவிட்ட சண்டை.

ஜூன் 4

மரண விசாரணை. லவ்டேயைக் கூப்பிடும் முன்பே சொல்லிவிட்டேன். அவர் வேண்டாம் என்றது நான் காரைத் திருப்பிய பிறகு. அதைக் கேட்டு நான் திருப்பவில்லை.

இங்கே குடும்பத்தார் நேராகவே கேள்வி கேட்கலாம். தர்சா எழுந்தார். "அப்படின்னா ஏன் திருப்பி அனுப்புனீங்க?"

"வர்றது யாருன்னு தெரியும். அவங்க முன்னாடி பை தூக்க எனக்கு இஷ்டமில்ல."

மார்வென்னா மூன்றாவது வரிசையில் இருந்தாள். எழுந்து வெளியே போனாள்.

அவள் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று விசாரணை அதிகாரி மருத்துவரைக் கேட்டார். "பிழைச்சிருக்கலாம்" என்றார் அவர். தர்சா அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்: "மூணு மாசமா அந்த மனுஷன வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே… மூணு மாசமா…"

ஜூன் 6

சீருடையைத் திருப்பிக் கொடுத்தேன். மார்வென்னா போனை எடுக்கவில்லை.

ஜூன் 21

லவ்டே வந்திருந்தாள். தேவாலயம் வழியாக வந்தாளாம். தர்சா வீட்டிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கிளெமோவின் கல்லறைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருக்கிறார். இன்றோடு மூன்றாவது நாள். மாடுகளைப் பற்றிக் கணவரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாராம்.