உரசிய இடம்

பொழிச்சலூர்,
5.8.2024

அன்புள்ள தீபாவுக்கு,

பல்லுக்குப் போடும் கேப் வரும் பெட்டியில் கடிதமும் இருக்கிறதே என்று சிரிக்காதே. லேபுக்குள் நுழைந்ததும் சத்தியநாதன் சார் எங்கள் போனை எல்லாம் வாங்கி டிராயரில் பூட்டிவிடுகிறார். வீட்டுக்குப் போனால் பேசத் தெம்பில்லை. பள்ளியில் நோட்டுக்குள் சீட்டு வைத்துக்கொள்வோமே, அந்த மாதிரி இதுவும் இருக்கட்டும். சம்பத் அண்ணா வண்டியில் கொண்டுவருவார். பிரித்துப் படிக்கிற ஆள் இல்லை.

உங்கள் முடிச்சூர் கிளினிக்குக்கு நான் செய்யும் முதல் செராமிக் கேப் இது. இரண்டு வருடம் பல் அச்சுக்கு பிளாஸ்டர் குழைத்துவிட்டு இப்போதுதான் ஃபர்னஸ் பக்கம் வந்திருக்கிறேன். மூன்று மாதம் பார்க்கிறேன் என்றிருக்கிறார் சார். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையதல்லவா, அத்தா தோல் கம்பெனியில் எல்லோரிடமும், "எம் பொண்ணு அடுப்புல வச்சு பல்லு சுடுது" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

டாக்டருக்கே பாடம் எடுக்கிறாள் என்று நினைக்காதே. கேப் உயரமாக இருந்தால் உரசத்தான் வேண்டும். ஆனால் உரசிய கையோடு ஒட்டிவிடாதே. மேலே இருக்கும் கிளேஸ், அந்தப் பளபளப்புப் பூச்சு போய், கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்திருக்கும். பாதி பலம் அங்கேயே போய்விடும். திருப்பி அனுப்பு, பாலிஷ் செய்து மறுநாளே தருகிறேன்.

அன்புடன்,
உன் சித்திகா


முடிச்சூர்,
9.8.2024

என் அன்பு சித்திகா,

கேப் அழகு. எது நிஜப் பல் என்று எனக்கே குழப்பம் வந்தது. துளசிங்கம் என்று ஒரு பெரியவருக்குப் போட்டேன். முடிச்சூரில் பாதி மனை அவருடைய வயலாக இருந்ததாம். வைத்ததுமே, "இன்னாம்மா, கல்லு கட்ச்ச மாரி கீது" என்றார். கொஞ்சம் உரசினேன். நீ சொன்னது ஞாபகம் வந்து, "நாளைக்கு வாங்கய்யா" என்றேன். "நாளிக்கா? பேஜார் பண்ணாதம்மா, பத்திரம் பதியணும். ஒட்டி வுடு" என்று திறந்த வாயோடு உட்கார்ந்துவிட்டார். வெளியே இன்னும் பதினோரு பேர். ஒட்டிவிட்டேன். திட்டாதே, அடுத்த முறை கட்டாயம் அனுப்புகிறேன்.

மதியத்துக்கு மேல் பெரிய டாக்டர் வருவதே இல்லை. டிபன் பாக்ஸை நாலு மணிக்குத்தான் திறந்தேன். கால் என்னுடையதாகவே இல்லை.

உன் தீபா


பொழிச்சலூர்,
2.9.2024

அன்புள்ள தீபாவுக்கு,

இன்று பெட்டியில் உன் கடிதம் இல்லை. இரண்டு துண்டுகள் இருந்தன, துளசிங்கம் ஐயாவின் கேப். கூடவே பெரிய டாக்டரின் சீட்டு: "லேப் தவறு. சரியாகச் சுடவில்லை."

"இட்லி துன்னும்போது ஒடைஞ்சிச்சாம்மா. இட்லி!" என்று எல்லோர் முன்னாலும் சம்பத் அண்ணா சொல்ல, பக்கத்து மேசை ஆல்வின் அண்ணா சிரித்துவிட்டார். சார் சிரிக்கவில்லை. "என்ன தப்பு பண்ணேன்னு நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லு. இல்லன்னா திரும்பவும் பிளாஸ்டர்தான்" என்றார். 

பிறகு துண்டுகளை லென்ஸில் பார்த்தேன். நீ உரசிய இடத்தில் நுணுக்கமான கோடுகள். அதில் ஒரு கோட்டில்தான் விரிசல் தொடங்கியிருக்கிறது.

உன் ஆகஸ்ட் கடிதம் என் சாப்பாட்டுப் பையில் இருக்கிறது. அதை எடுத்துக் காட்ட மனமில்லை. நீயே பெரிய டாக்டரிடம் சொல்லிவிடேன். போனில் கேட்டால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். நாளை மதியம் சம்பத் அண்ணா அங்கே வருவார்.

சித்திகா


முடிச்சூர்,
3.9.2024

சித்திகா,

சொல்லத்தான் போனேன். உள்ளே நுழைந்ததும், "நீ எதுவும் உரசலையே?" என்று அவரே கேட்டார். "இல்ல சார்" என்று வந்துவிட்டது. இனி மாற்றிச் சொன்னால் பொய் சொன்னதும் சேர்ந்துகொள்ளும். வேலை நிரந்தரமாக இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. என் வீட்டு நிலைமை உனக்குத் தெரியாததா?

அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. உனக்குப் பிளாஸ்டர் பழகிய வேலைதானே? கொஞ்ச நாள்தானே?

உன் தீபா


பொழிச்சலூர்,
21.10.2024

தீபாவுக்கு,

உன் ஆறு வாரம் போன வாரம் முடிந்திருக்கும். வேலை நிரந்தரமாகியிருக்கும் என்று நினைக்கிறேன். நீ சொன்னது சரி, பிளாஸ்டர் பழகிய வேலைதான்.

இத்தனை நாளும் பெட்டி வந்து போனது, கடிதம் வரவில்லை. சனிக்கிழமை ஒரு கேப் மட்டும் திரும்பி வந்தது. "உரசியிருக்கிறேன். பாலிஷ் செய்து அனுப்பவும்" என்று உன் கையெழுத்தில் சீட்டு. "என்ன, இந்த கிளினிக்ல இருந்து புதுசா இருக்கு?" என்றார் சார். ஃபர்னஸ் இப்போது ஆல்வின் அண்ணா பொறுப்பு. அவர் என்ன நினைத்தாரோ, "இத நீயே பண்ணும்மா" என்று என் பக்கம் நகர்த்தினார். கையைக் கழுவிவிட்டு வந்து செய்தேன். லென்ஸில் ஒரு கோடுகூடத் தெரியவில்லை. இது இட்லிக்கு உடையாது.

அந்தக் கேப்புக்குக் கீழே உன் ஆகஸ்ட் கடிதத்தை மடித்து வைத்திருக்கிறேன். யாருக்கும் காட்டவில்லை, படமும் எடுக்கவில்லை. என்னிடமே இருந்தால் என்றாவது ஒருநாள் காட்டிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நீயே வைத்துக்கொள்.

உரசுவதையெல்லாம் இனி இப்படியே திருப்பி அனுப்பு. சீட்டு போதும். கடிதம் வேண்டாம்.

அத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை. சாயங்காலம் என் கையில் ஒட்டியிருக்கும் வெள்ளையைப் பார்த்து, பல்லுக்கான பீங்கான் தூள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சித்திகா,
பிளாஸ்டர் பிரிவு