பூசை இல்லாத பிள்ளையாருக்கு ஒரு நேர்த்தி

கோப்பாய் தெற்கு,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்புள்ள தங்கச்சி கோபிகாவுக்கு,

அண்ணை எழுதுகிறேன். இங்கே எங்கள் எல்லோருக்கும் கைகால்கள் கடவுள் கொடுத்த எண்ணிக்கையிலேயே இருக்கின்றன. இங்கிலாந்துக் குளிரில் உன் மூக்கும் உரிய இடத்தில் இருக்கும் என்று நம்புகிறேன்.

இனி, வலிகாமத்தின் நான்கு திசையும் சாட்சியாக, என் ஓட்டோவின் மூன்று சில்லும் சாட்சியாகச் சத்தியம் செய்து சொல்கிறேன்: கீழே வருவது உலகத்தில் ஒருவரும் நம்பாத கதை. நீயும் நம்பமாட்டாய். நம்பாமலே கடைசிவரை வாசி. போனில் சொல்லலாமே என்பாய். போனை எடுத்தால் உன் பிள்ளைகள் இரண்டும் என் தோளில் ஏறி நிற்கும். இது அவர்கள் கேட்கக்கூடாத கதை. அதனால்தான் நாளை அங்கே திரும்புகிற யோசப்பீன் ரீச்சரின் கையில் கொடுத்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன் கிடைத்துவிடும்.

வெள்ளிக்கிழமை நீ அந்த முதியோர் இல்லத்தில் இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்து வைக்கப்போவதாகக் கேதீஸ் சொன்னார். அந்த விசாவில் பிள்ளைகளைக் கூப்பிட வழியில்லை என்பதும் எனக்குத் தெரியும். அம்மா தைக்கு வந்துவிடுவா என்றுதான் அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தோம். இன்னும் மாற்றிச் சொல்லவில்லை. யார் சொல்வது என்று எனக்கும் உன் மனுசன் கேதீஸுக்கும் பேச்சுவார்த்தை நடக்கிறது. இரண்டு பக்கமும் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது.

அது நிற்க. சுபாங்கனின் வகுப்பில் ‘நான் கண்ட நூதனசாலை’ என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே சனிக்கிழமை மகாராசா, மந்திரி, இளவரசன், இளவரசி ஆகிய நால்வரும் ஓட்டோவில் பவனி புறப்பட்டோம். மகாராசா நான். மந்திரி கேதீஸ், அவருடைய மடியில் புட்டும் முட்டைப்பொரியலும். இளவரசனும் இளவரசியும் உன் சுபாங்கனும் தாரிகாவும்.

முதலில் கோட்டை. அங்கே ஓர் அறையில் ஒல்லாந்தர் காலத்துப் பீங்கான் துண்டுகளும் இரும்புக் குண்டுகளும் வைத்திருக்கிறார்கள். ஒரு குண்டைக் காட்டி, “இது உங்கடை அம்மா முதன்முதலாச் சுட்ட பருப்பு வடை. உதைக் கடிச்சுப் பாத்தாப் பிறகுதான் ஒல்லாந்தர் கோட்டையை விட்டிட்டு ஓடினவங்கள்” என்றேன். சுபாங்கன் உடனே கொப்பியில் எழுதிவிட்டான். அழிக்கச் சொல்லியிருக்கிறேன். தாரிகா தகப்பனிடம் அம்மா தனக்கும் வடை சுட்டுத் தந்தவவோ என்று கேட்டாள். ஓம் என்றார். நீ போகும்போது அவளுக்கு மூன்றரை வயது. இப்போது ஆறு. அவளுக்கு நினைவில்லை.

பிறகு நல்லூர்ப் பக்கத்து நூதனசாலை. அங்கே காவலுக்கு நிற்பவர் அடைக்கலநாதன் என்று குருநகர் ஆள். திமிங்கில எலும்பைக் கண்டதும் நான், இது ஒற்றைத் தூண்டிலில் பிடிபட்டது, ஏழு ஊருக்குச் சொதி வைத்தும் மிஞ்சியது என்று தொடங்கினேன். அந்த மனுசன் கண்ணை இமைக்காமல், “ஓம் தம்பியவை, பிடிச்சது எங்கடை அப்பு. வால் துண்டு இன்னும் எங்கடை குசினியிலை கிடக்கு” என்றார். நாற்பத்தெட்டு வயதில் எனக்குச் சரிநிகரான ஓர் ஆளைச் சந்தித்தேன். அவர் சொன்னதைக் கேட்டுத் திமிங்கிலம் எலும்போடு தும்மியது. கூரையில் நாலு ஓடு பறந்தது.

அடுத்த அறையில்தான் அந்தப் பிள்ளையார். கருங்கல். துதிக்கையில் பாதி இல்லை, ஒரு கையும் இல்லை. முன்னால் ‘தொட வேண்டாம்’ என்று அட்டை. தாரிகா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள். உள்ளே சாமி இருக்கிறார் என்றாள். தலையில் குட்டி, தோப்புக்கரணம் போட்டு, மூன்றுதரம் சுற்றி வந்தாள். பின்னால் உடுப்பிட்டியிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. சின்னப்பிள்ளை கும்பிடுகிறது, நாங்கள் நிற்கலாமோ என்று அவர்களும் செருப்பைக் கழற்றினார்கள். ஒரு மனுசி கொண்டையிலிருந்த மல்லிகைப்பூவை எடுத்து வைத்துவிட்டா. சொன்னால் நம்பமாட்டாய், கால் மணித்தியாலத்தில் நாலாயிரம் பேர் வரிசை. வீதியில் போன பஸ்கள் எல்லாம் முறிகண்டிப் பிள்ளையாருக்கு நிற்பதுபோல் நின்றுவிட்டன.

அடைக்கலநாதன் ஓடிவந்தார். “தம்பி, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், கற்பூரத்தை மட்டும் எடுத்துப்போடாதேங்கோ. தேங்காயும் வேண்டாம். இஞ்சை கிடக்கிறதெல்லாம் ஏற்கெனவே உடைஞ்சது. புதுசா ஒண்டும் உடைக்கேலாது” என்றார்.

அந்தச் சந்தடிக்குள்தான் தாரிகா நேர்த்தி வைத்தாள். கல்லுக் காது என்பதால் உரத்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். “பிள்ளையாரே, அப்பான்ரை கட்டிலிலை அம்மான்ரை பக்கத்திலை நான்தான் படுக்கிறனான். அம்மா தைக்கு வந்தா அதை அவவுக்குத் திருப்பிக் குடுத்திடுவன். நான் அண்ணாவோடை படுப்பன்.”

கேட்டுக்கொண்டு நின்ற சுபாங்கன் சிரித்தான். “விசரி, உவர் பூசை நிப்பாட்டின பிள்ளையார். கரண்ட் இல்லாத பிரிட்ஜ் மாதிரி. ஒண்டும் நடவாது” என்றான். அவள் விடவில்லை. “நல்லூரிலை கேட்டு என்ன நடந்தது? அங்கை கனபேர் கேக்கினம். உவரிட்டை ஒருத்தரும் கேக்கிறேல்லை, சும்மாதானே இருக்கிறார்” என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். உதடு ஒருபக்கமாகப் போகத் தொடங்கியிருந்தது.

கோபிகா, நான் அப்போது வாயை மூடிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். முகத்தைப் பெரிய மனுசன்போல வைத்துக்கொண்டு சொன்னேன்: “பிள்ளை சொல்லுறதுதான் சரி. நூதனசாலைப் பிள்ளையாருக்கு வேலை குறைவு, சுறுக்காச் செய்வார். ஒண்டு மட்டும். கோயில் பிள்ளையாருக்குக் காரியம் நடந்தாப் பிறகு நேர்த்தியைக் குடுக்கலாம். உவருக்கு முதலே குடுத்திட வேணும்.” அவள் உதடு நேரே வந்தது. எனக்கும் என் கெட்டித்தனத்தில் ஒரு பெருமைதான்.

கேதீஸைத் தேடினேன். கடைசி மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றார். திருத்த வேலைக்காக உள்ளே இருந்ததை எடுத்துவிட்டார்கள், வெறும் பெட்டி. அதைப் பத்து நிமிடம் பார்த்தார். நான் போய்க் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, மிச்சப் புட்டைச் சாப்பிட்டு, நான் கதிரையில் சாய்ந்தேன். தாரிகா தகப்பனின் அறைக்குள்ளிருந்து தன் தலையணையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். நேரே சுபாங்கனின் அறைக்குப் போனாள். உள்ளே பெரிய சண்டை. கடைசியில் சமாதானம்: உதைக்கக்கூடாது, சுவர்ப்பக்கம் அவனுக்கு. மூன்று இரவாக அங்கேதான் படுக்கிறாள். உன்னுடைய பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது.

நேற்று அவளைக் கூப்பிட்டு மடியில் இருத்தி, “மாமா பொய் சொன்னனான் பிள்ளை, முதலே குடுக்கத் தேவையில்லை, போய் அப்பாவோடை படு” என்றேன். என்னை நன்றாக உற்றுப் பார்த்தாள். “நீங்கள் இப்பதான் பொய் சொல்லுறியள் மாமா” என்றாள்.

பிறந்த நாள்முதல் ஆயிரம் பொய் சொல்லியிருக்கிறேன் அவளுக்கு. எல்லாவற்றுக்கும் சிரித்தாள். அந்த ஒன்றை மட்டும் நம்பிவிட்டாள். இனி என்னால் அதைத் திருப்பி எடுக்க முடியாது. கேதீஸ் வாய் திறக்கமாட்டார், அவரை உனக்குத் தெரியும்.

நீ கையெழுத்து வைத்தாய் என்று இங்கே ஒருவரும் உன்னைக் குறை சொல்லப்போவதில்லை. வீட்டுக்குக் கூரை ஏறியது உன் முதுகால். யாரையோ பெற்ற கிழவர்களைத் தூக்கி, துடைத்து, படுக்கவைக்கிறாய். அந்த இரண்டு சின்னதும் அதை இன்னும் அறியாது. நான் கேட்பது ஒன்றுதான். வெள்ளிக்கிழமைக்கு முதல் தாரிகாவுக்கு நீயே சொல்லு. வாறன் என்றால் வாறன் என்று சொல்லு. இல்லையென்றால் இல்லையென்று சொல்லு, எத்தனை நாள் என்றும் சொல்லு. நீ சொன்னால் நம்புவாள்.

பூசை உள்ள தெய்வமோ இல்லாத தெய்வமோ, ஏதாவது ஒன்று உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். காலுக்கு மேசு போடாமல் வெளியே போகாதே.

உன் அண்ணை,
ஜெயசுதன்
(வலிகாமம் கிழக்குப் பொய்களின் ஏக ஏஜென்ட்)

பின்குறிப்பு: வழியில் யாரும் பிரித்து வாசித்தால் என் மானம் போகக்கூடாது. ஆகவே ஒப்புக்கொள்கிறேன். நாலாயிரம் பேர் இல்லை, எட்டுப் பேர். பஸ் ஒன்றும் நிற்கவில்லை. திமிங்கிலம் தும்மவில்லை. உன் வடை அவ்வளவு மோசமும் இல்லை. அந்தச் சின்னத் தலையணை மட்டும் உண்மை. நேற்றுப் பின்னேரம் கேதீஸ் அதை எடுத்துக்கொண்டுபோய் உன்னுடைய பக்கத்தில் வைத்தார். அவள் வந்து அதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனாள்.