மகாராணியின் குட்டிகளும் இருபத்தொன்றாம் நாளும்

அன்பு மகளுக்கு, பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று உன் கையால் நாலு வரி எழுதினால்தான் என் மனசு ஆறும். போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். சில விஷயங்களைப் போனில் சொல்ல வாய் வருவதில்லை அம்மாடி, அதுதான் காரணம். அம்மாவுக்கு அச்சகத்தில் பைண்டிங் வேலை கழுத்தை முறிக்கிறது, பாடப்புத்தக சீசன். எனக்கு அதே லிஃப்ட் ரிப்பேர், அதே கிரீஸ். பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தில் போன வாரம் ஒரு மாப்பிள்ளை வீட்டார் மொத்தமாக ஏறி ஏழாவது மாடியில் மாட்டிக்கொண்டார்கள், வெளியே எடுத்ததும் எனக்கு நன்றி சொல்வதை விட்டுவிட்டு யார் அதிக எடை என்று அங்கேயே சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ விட்டுவிட்டுப் போன உன் கினிப் பன்றிகளைப் பற்றித்தான். நீ போன இரண்டாம் மாதம் மகாராணி மூன்று குட்டி போட்டதும், அதற்கு முன்னால் அவள் வயிறு பெருத்தபோதே, கடைக்காரன் பெண் என்று சொல்லி விற்ற தடியன்தான் அதற்குக் காரணம் என்று தெரிந்து நாம் சிரித்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு நடந்ததை உனக்கு நான் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று மூன்று மாதமாகப் பொய் சொல்லியிருக்கிறேன். இப்போது முழுசாகச் சொல்லிவிடுகிறேன், திட்ட வேண்டுமென்றால் படித்து முடித்துவிட்டுத் திட்டு.

அந்தப் பிரசவமே அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ரத்தம் நிறையப் போய் உடம்பு துரும்பாக இளைத்துவிட்டாள். குட்டிகள் என்னவோ ராஜ வம்சம்தான், பிறக்கும்போதே முழுக்க முடியோடு, கண்ணைத் திறந்துகொண்டு, மறுநாளே காய்ந்த புல்லைக் கடிக்க ஆரம்பித்துவிட்டன. இரண்டு ஆண், ஒரு பெண். ஆண்களுக்கு மிளகு, உப்பு என்றும் பெண்ணுக்குப் பஞ்சு என்றும் அம்மா பெயர் வைத்தாள். மிருக டாக்டரம்மாவிடம் கூடையில் வைத்துக் கொண்டுபோனேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, தடியனை முன்னாலேயே தனிக் கூண்டில் போட்டது நல்லதாய்ப் போயிற்று, இல்லாவிட்டால் பிரசவமான அன்றைக்கே மகாராணிக்கு மறுபடி குட்டி தங்கியிருக்கும் என்றார். பிறகு, "சரியா இருபத்தோராம் நாள் இந்த ரெண்டு ஆணையும் பிரிச்சு அப்பாகூட விட்டுடுங்க சார், ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீங்க. பெண் குட்டி அம்மாகூடவே இருக்கட்டும், ஒண்ணும் பயமில்ல" என்றார். நான், இவ்வளவு சின்னதாக இருக்கிறதே, பால் குடிக்கிற வயசு ஆயிற்றே என்றேன். "உங்களுக்குத்தான் சின்னது. மூணு வாரத்துல அதுங்க பெரிய மனுஷங்க. இவ அம்மா, இவ தங்கச்சின்னெல்லாம் அதுங்களுக்குத் தெரியாது. இன்னொரு பிரசவம் உடனே வந்தா இவ உடம்பு தாங்காது" என்று படித்துப் படித்துச் சொன்னார். மகளுக்கு எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொன்னால்தானே உனக்குப் புரியும்.

அம்மா காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்தாள். அந்த நாளும் வந்தது. சமையலறைத் தராசில் நிறுத்தோம், இரண்டும் கால் கிலோவுக்கு மேலேயே இருந்தன. அம்மாதான் தூக்கித் தடியன் கூண்டில் விட்டாள். தடியன் முகர்ந்து பார்த்தான், ஒரு சுற்றுச் சுற்றினான், பிறகு மூன்று பேரும் ஒரே கிண்ணத்தில் தலையை விட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான், வேலை முடிந்தது என்று அம்மா கையைக் கழுவிவிட்டாள். எனக்குத்தான் முடியவில்லை. நான் ஷிப்ட் முடிந்து மத்தியானம் மூன்று மணிக்கு வீட்டுக்கு வருவேன், அம்மா வர ஆறு ஆகும். மறுநாள் நான் கதவைத் திறந்த நிமிஷம் மிளகும் உப்பும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வீக் வீக் என்று கத்தின பார்! இந்தப் பக்கத்திலிருந்து மகாராணியும் கத்தினாள். அம்மாவைத் தேடுகிறதுகளே என்று எடுத்து அவள் கூண்டில் விட்டுவிட்டேன். பஞ்சுவை மட்டும் பத்திரமாக எடுத்து ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டேன், பார், அந்த மட்டும் புத்தி வேலை செய்திருக்கிறது! கொஞ்ச நேரம்தானே, என்ன ஆகிவிடும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். ஐந்து மணிக்குத் திரும்ப மாற்றிவிட்டேன். இப்படி ஐந்து நாள். ஐந்தாம் நாள் அச்சகத்தில் கரண்ட் போய் அம்மா நாலு மணிக்கே வந்துவிட்டாள். கூண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என்னங்க இது? அவங்க அவ்வளவு சொல்லியும்?" என்று கேட்டாள். நான், பாவமாக இருந்தது என்றேன். "பாவம் பாக்கறேன்னு அந்த வாயில்லா ஜீவனை அடக்கம் பண்ணப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு இரண்டையும் தூக்கித் தடியன் கூண்டில் விட்டாள்.

அப்புறம் என்ன, டாக்டரம்மா கையால் தடவிப் பார்த்துவிட்டுத் தங்கிவிட்டது என்று சொல்லிவிட்டார். கலைக்க வழியில்லையா என்று கேட்டேன், இருக்கிற உடம்பில் அது இன்னும் ஆபத்து, தேற்றித்தான் பார்க்க வேண்டும் என்றார். இரண்டு மாதம் பாப்பா, நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். புல், குடைமிளகாய், கொத்தமல்லி என்று அவளுக்கு வேளாவேளைக்குக் கொடுத்தேன். வயிறு மட்டும் பெருத்தது, முதுகெலும்பு கைக்குத் தட்டியது. போன மாதம் ஒரு காலை நேரம் அவளுக்கு வலி கண்டது. ஒரு மணி நேரம் முக்கியும் குட்டி வரவில்லை. அதே நேரம் ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றுவிட்டதாக எனக்கு அழைப்பு. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, என்னால் வர முடியாது, வேறு ஆளை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கூடைக்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டே வந்தாள். டாக்டரம்மா வயிற்றைத் திறந்துதான் எடுத்தார். இரண்டு குட்டி. ஒன்று உள்ளேயே செத்துப் போயிருந்தது. இன்னொன்றை அம்மா கைக்குட்டையில் சுற்றிச் சூடு காட்டிக்கொண்டிருந்தாள், அதுவும் சற்று நேரத்தில் அடங்கிவிட்டது. இனிமேல் குட்டி தங்காதபடி ஆபரேஷனிலேயே செய்துவிட்டார்கள்.

நான் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். நான்தான் திரும்ப விட்டேன், அதுகள் அம்மாவைத் தேடிக் கத்தின, மனசு கேட்கவில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. "கத்தினா யாருக்குத்தான் சார் மனசு கேக்கும்? ஆனா ஒண்ணு சொல்லட்டுமா, உங்க செருப்புச் சத்தம் கேட்டா தீனி வருதுன்னு கத்துங்க அதுங்க. பசிக்குக் கத்தியிருக்கு, நீங்க அம்மாவுக்குன்னு நினைச்சுட்டீங்க" என்றார்.

பயப்படாதே, மகாராணி பிழைத்துவிட்டாள். ஒன்பது நாள் தானாக எதுவும் தின்னவில்லை, தீனியைக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் வாயோரமாகக் கொடுத்தேன், லீவு போட்டுவிட்டு. பத்தாம் நாள் சிரிஞ்சை நீட்டினேன், என் விரலை நறுக்கென்று கடித்தாள். ரத்தம் வந்தது, நான் அம்மாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினேன். இப்போது பஞ்சுவோடு சேர்ந்து புல்லை இழுத்துத் தின்கிறாள். மிளகும் உப்பும் தடியனும் கொழுகொழு என்று இருக்கிறார்கள். அவர்கள் யாரும் யாரையும் தேடுவதாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் எழுதக் காரணம் இன்னொன்று இருக்கிறது. சிரிஞ்சோடு சும்மா உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் எனக்கு உன் நினைப்புதான். கப்பல் பட்டறை வேலைக்கு ஆர்டர் வந்தபோது நீ, அடுத்த வருஷம் போகிறேனே அப்பா, இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கிறேனே என்று கேட்டாய். நான் கேட்டேனா? கையெழுத்துப் போட வைத்து, பெட்டியை நானே கட்டி அனுப்பினேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் நீ போனில் அழுதுகொண்டே, திரும்பி வந்துவிடட்டுமா அப்பா என்று கேட்டபோதும், பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வருஷம் இரு, எல்லாம் பழகிவிடும் என்று சொல்லிவிட்டு மழை பெய்கிறதா என்று கேட்டேன். அதற்குப் பிறகு நாங்கள் கேட்டதற்கு மட்டும் நீ பதில் சொல்கிறாய், நானும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். தீனிக்குக் கத்தின குட்டிக்காக உருகினவன், சொந்தப் பெண் அழுததைச் சோம்பல் என்று நினைத்துவிட்டேன். என்ன காது எனக்கு! அங்கே உனக்கு என்ன கஷ்டம், வேலையா, மேலே இருக்கிறவர்களா, தனியாக இருப்பதா, ஒன்றுமே நான் கேட்கவில்லை. தப்பு என்னுடையதுதான் அம்மாடி.

குட்டிகளுக்கு டாக்டரம்மா நாள் குறித்துக் கொடுத்தார். உனக்கு நாள் குறிக்க நான் யார்? வா என்றும் சொல்லவில்லை, அங்கேயே இரு என்றும் சொல்லவில்லை. இருந்தால் அது உன் சாமர்த்தியம், வந்தால் அதில் ஒரு குறையும் இல்லை, உன் அறையில் கூண்டை வைத்திருக்கிறேன், அரைமணி நேரத்தில் காலி செய்துவிடுவேன். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் வெல்டிங் பக்கம் போகாதே, ஈரத் தலையோடு படுக்காதே. நீ எங்கே இருந்தாலும் உடம்பும் மனசும் தெம்பாக, நினைத்ததை நினைத்தபடி செய்து நீண்ட காலம் நன்றாக வாழ வேண்டும், அதற்கு அப்பா அம்மா ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. முக்கியமாக ஒன்றை மறந்துவிடாதே, இந்த ஞாயிற்றுக்கிழமை நீ பேசு, ஆரம்பத்திலிருந்து சொல்லு, எவ்வளவு நேரம் ஆனாலும் நான் கேட்டுக்கொண்டிருப்பேன், குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டேன். பேசினால் பக்கத்தில் உட்கார்ந்து என் காலை மிதிப்பதாக உன் அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அப்பா